ஒரே நிலநடுக்கம், ஆனால் ஆட்டம் ஏன் வேறு வேறு?



2025 ஆகஸ்டு 24, ஞாயிற்றுக்கிழமை, காலை மணி 6.13. பலர் இன்னும் எழுந்திருக்கவில்லை. ஜொகூர் மாநிலத்தின் சிகாமட் அருகே, 10 கிலோமீட்டர் ஆழத்தில் பாறை சற்றே நழுவியது. அதனால் உண்டான நிலநடுக்கத்தின் அளவு 4.1 என்று மலேசிய வானிலை ஆய்வுத் துறை அறிவித்தது. ஜொகூரில் மட்டுமல்லாமல் நெகிரி செம்பிலான், மலாக்கா, பகாங்கின் தென்பகுதி ஆகிய இடங்களிலும் மக்கள் அதிர்வை உணர்ந்தார்கள். பெரிய சேதம் ஏதுமில்லை. அடுத்த சில நாள்களில் அதைவிடச் சிறிய நடுக்கங்கள் தொடர்ந்தன.

"நெருப்பு வளையத்துக்கு வெளியே இருக்கும் நம் தீபகற்பத்தில் நிலநடுக்கமா?" என்று வீட்டுக்கு வீடு பேசிக்கொண்டார்கள். அப்போது எல்லாரும் கேட்ட கேள்விகள் இரண்டு. எவ்வளவு பெரியது? எவ்வளவு தூரத்தில் நடந்தது?

மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. நில அதிர்வுப் பொறியியலாளர்கள் அதை மறக்காமல் கேட்பார்கள்: "நீங்கள் எந்த மண்ணின் மேல் நிற்கிறீர்கள்?" இந்த வாரப் பாடம் அந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

அளவு ஒன்று, ஆட்டம் பல

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஒரு நிலநடுக்கத்துக்கு அளவு ஒன்றே ஒன்றுதான். சிகாமட் நடுக்கம் 4.1 என்றால், அதைச் சிகாமட்டில் உணர்ந்தாலும் மலாக்காவில் உணர்ந்தாலும் அது 4.1தான். பூமிக்கடியில் எவ்வளவு ஆற்றல் வெளிப்பட்டது என்பதையே அந்த எண் சொல்கிறது.

ஆனால் உங்கள் வீட்டுத் தரை எவ்வளவு ஆடியது என்பது வேறு கணக்கு. ஒரு மின்விளக்கை எண்ணிப் பாருங்கள். அதன் வாட் மாறாது. ஆனால் விளக்கின் அடியில் இருப்பவரின் புத்தகத்தில் வெளிச்சம் அதிகம். மூலையில் இருப்பவரின் புத்தகத்தில் குறைவு. நிலநடுக்கத்தின் அளவு விளக்கின் வாட் போன்றது. தரையின் ஆட்டம் புத்தகத்தில் விழும் வெளிச்சம் போன்றது.

விளக்கு வெளிச்சம் தூரம் கூடக் கூடக் குறையும். நிலநடுக்க ஆட்டமும் பொதுவாக அப்படித்தான். ஆனால் மண் குறுக்கே வந்தால் இந்த ஒழுங்கு குலைந்துவிடும். 10 கிலோமீட்டர் தூரத்தில் பாறைமேல் நிற்பவரைவிட, 15 கிலோமீட்டர் தூரத்தில் சேற்றுமண்மேல் நிற்பவர் அதிக ஆட்டத்தை உணரக்கூடும்.

அலை மெதுவானால் உயரும்

நீங்கள் டெசாரு கடற்கரைக்குப் போயிருந்தால், ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். ஆழ்கடலில் அலை அவ்வளவு உயரமாகத் தெரியாது. கரையை நெருங்கியதும் அதே அலை எழும்பி நிற்கும். ஏன்? ஆழம் குறையக் குறைய அலையின் வேகம் குறைகிறது. பின்னால் வரும் ஆற்றலோ நிற்பதில்லை. வேகத்தில் குறைந்ததை உயரத்தில் ஈடுகட்டுகிறது.

மண்ணுக்குள் நடப்பதும் இதே கதைதான். கட்டடங்களை அதிகமாக ஆட்டும் நிலநடுக்க அலை குறுக்கலை. கெட்டியான பாறையில் அது விநாடிக்கு 2000 மீட்டருக்கும் அதிகமான வேகத்தில் ஓடும். மென்மையான களிமண்ணில் அதன் வேகம் விநாடிக்கு 100 மீட்டர் அளவுக்குக்கூட இறங்கிவிடும். அடியில் பாறையிலிருந்து ஓடிவரும் அலை, மேலே களிமண்ணுக்குள் நுழைந்ததும் திடீரென்று மெதுவாகிறது. ஆகவே அதன் வீச்சு பெருகுகிறது.

எவ்வளவு பெருகும் என்று கணக்கிட்டுப் பார்ப்போமா? அலை சுமந்து செல்லும் ஆற்றல், மண்ணின் அடர்த்தி, அலையின் வேகம், வீச்சின் இருபடி ஆகிய மூன்றின் பெருக்கலைச் சார்ந்தது. பாறையின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 2500 கிலோகிராம், அலையின் வேகம் விநாடிக்கு 2000 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 50 இலட்சம். களிமண்ணுக்கு 1600 கிலோகிராம், 125 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 2 இலட்சம். முதல் எண் இரண்டாவதைப்போல் 25 மடங்கு. ஆற்றல் மாறாமலிருக்க வேண்டுமானால், களிமண்ணில் வீச்சின் இருபடி 25 மடங்காக வேண்டும். அதாவது வீச்சு 5 மடங்கு!

இது எளிமையாக்கப்பட்ட கணக்கு. உண்மையில் அலையின் ஒரு பகுதி எல்லையில் பட்டுத் திரும்பிவிடும். மண்ணும் சிறிது ஆற்றலை உறிஞ்சிக்கொள்ளும். ஆயினும் மென்மையான மண் ஆட்டத்தைப் பல மடங்கு பெருக்கக்கூடும் என்பதை இந்தக் கணக்கு தெளிவாகக் காட்டுகிறது.

மண்ணுக்கும் ஒரு தாளம் உண்டு

இதோடு முடிந்துவிடவில்லை. சிறு குழந்தையை ஊஞ்சலில் வைத்து ஆட்டியிருக்கிறீர்களா? ஊஞ்சலுக்கென்று ஒரு தாளம் இருக்கிறது. அந்தத் தாளம் தெரிந்து, ஊஞ்சல் பின்னால் வந்து திரும்பும் நேரத்தில் மெல்லத் தள்ளினால் போதும், ஆட்டம் ஏறிக்கொண்டே போகும். தாளம் தப்பித் தள்ளினால் எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் பயனில்லை. இதைத்தான் படிவம் 4 இயற்பியலில் ஒத்ததிர்வு என்று படிக்கிறீர்கள். பார்ட்டன் ஊசல் சோதனை நினைவிருக்கிறதா? ஆட்டிவிடும் ஊசலின் நீளமே கொண்ட ஊசல்தானே அதிகமாக ஆடும்!

பாறையின் மேல் படிந்திருக்கும் மண் அடுக்குக்கும் இப்படி ஒரு சொந்தத் தாளம் உண்டு. வெறும் போத்தலின் வாயில் ஊதினால் ஒரு குறிப்பிட்ட சுரம் கேட்கும். போத்தலில் பாதி தண்ணீர் ஊற்றி ஊதினால் சுரம் மாறும். காற்றுத் தூணின் நீளம்தான் சுரத்தைத் தீர்மானிக்கிறது. மண்ணிலும் அதேபோல்தான். அடியில் பாறை மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மேலே தரைமட்டம் தாராளமாக ஆடலாம். ஆகவே அலைநீளத்தின் நான்கில் ஒரு பங்கு மண்ணின் தடிமனுக்குள் சரியாக அடங்கும்போது ஆட்டம் மிக அதிகமாகும். இதிலிருந்து ஓர் எளிய சூத்திரம் கிடைக்கிறது:

அலைவு நேரம் = 4 × மண்ணின் தடிமன் ÷ அலையின் வேகம்

25 மீட்டர் தடிமனுள்ள களிமண்ணில் அலை விநாடிக்கு 100 மீட்டர் வேகத்தில் போகிறது என்றால், அலைவு நேரம் 4 × 25 ÷ 100 = 1 விநாடி. பாறைமேல் 5 மீட்டர் மட்டுமே இறுகிய மண் இருந்து, வேகம் 200 மீட்டர் என்றால், அலைவு நேரம் 0.1 விநாடி. முதல் நிலம் நிதானமாக அசையும். இரண்டாவது நிலம் படபடவென்று துடிக்கும்.

கட்டடத்தின் தாளம்

கட்டடங்களுக்கும் தாளம் உண்டு. பொறியியலாளர்கள் தோராயமாக ஒரு மாடிக்கு 0.1 விநாடி என்று கணக்கு வைப்பார்கள். ஒரு மாடி வரிசை வீட்டின் அலைவு நேரம் ஏறத்தாழ 0.1 விநாடி. பத்து மாடிக் கட்டடத்துக்கு ஏறத்தாழ 1 விநாடி. இருபது மாடிக்கு 2 விநாடி.

இப்போது முன்னே பார்த்த இரண்டு நிலங்களுக்குத் திரும்புவோம். 1 விநாடித் தாளமுள்ள களிமண்மேல் பத்து மாடிக் கட்டடம் நின்றால்? 0.1 விநாடித் தாளமுள்ள இறுகிய மண்மேல் வரிசை வீடு நின்றால்? மண்ணின் தாளமும் கட்டடத்தின் தாளமும் ஒன்றாகிவிடுகின்றன. வருகிற அலையிலும் அதே தாளம் இருந்துவிட்டால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளியதுபோல் ஆகிவிடும்.

அலை, மண், கட்டடம். இந்த மூன்றின் தாளமும் சேரும் இடத்தில்தான் ஆபத்து அதிகம். இந்தப் பாடத்தில் நீங்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

மெக்சிகோ நகரம் சொன்ன பாடம்

உலகம் இதை மிகுந்த விலை கொடுத்துக் கற்றது. 1985 செப்டம்பர் 19 அன்று காலை, மெக்சிகோவின் பசிபிக் கடற்கரையருகே 8.0 அளவில் ஒரு நிலநடுக்கம் ஏற்பட்டது. மெக்சிகோ நகரம் அங்கிருந்து 350 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. அவ்வளவு தூரத்தில் அலை தளர்ந்துபோயிருக்க வேண்டும். ஆனால் அந்த நகரத்தில் பல நூறு கட்டடங்கள் இடிந்தன. பல ஆயிரம் பேர் இறந்தார்கள்.

காரணம் நகரத்தின் அடியில் இருந்தது. அஸ்தெக் மக்கள் டெக்ஸ்கோகோ என்ற ஏரியின் நடுவே தங்கள் தலைநகரைக் கட்டினார்கள். பிற்காலத்தில் ஏரி வற்றியது. அந்த ஏரிப் படுகையின் மேல் நகரம் பரவியது. அடியில் இருப்பது தண்ணீர் நிறைந்த மென்மையான களிமண். நகரின் ஓரத்தில், கெட்டியான எரிமலைப் பாறைமேல் இருந்த பல்கலைக்கழக வளாகத்துக் கருவியும் ஏரிப் படுகையில் இருந்த கருவியும் அதே நிலநடுக்கத்தைப் பதிவு செய்தன. ஏரிப் படுகையில் பதிவான முடுக்கம் பாறைமேல் பதிவானதைப்போல் நான்கைந்து மடங்கு!

அந்தக் களிமண்ணின் தாளம் ஏறத்தாழ 2 விநாடி. நாற்பது மீட்டர் தடிமன், விநாடிக்கு 80 மீட்டர் வேகம் என்று நம் சூத்திரத்தில் போட்டாலும் அதே விடை கிடைக்கும். அதிகமாக அடிபட்டவை 6 முதல் 15 மாடி வரையிலான கட்டடங்கள். "15 மாடிக்கும் 1.5 விநாடிதானே?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. கட்டடம் ஆடி விரிசல் விடத் தொடங்கியதும் அதன் விறைப்பு குறைகிறது. அலைவு நேரம் நீள்கிறது. அதாவது, அடிபட்ட கட்டடம் மண்ணின் தாளத்தை நோக்கி நகர்ந்துபோகிறது! அதே நகரத்தில் பழைய தாழ்ந்த கட்டடங்கள் பல தப்பின. 44 மாடி கொண்ட லத்தீனோ அமெரிக்கானா கோபுரமும் உறுதியாக நின்றது. அவற்றின் தாளம் வேறு.

இந்தியாவிலும் இதைப் பார்த்தார்கள். 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் பூஜ் பகுதியில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, ஏறத்தாழ 240 கிலோமீட்டர் தூரத்தில் இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிக் கட்டடங்கள் பல இடிந்தன. அந்நகரம் சபர்மதி ஆறு கொண்டுவந்து சேர்த்த ஆழமான வண்டல் மண்மேல் அமைந்திருக்கிறது. கீழ்த்தளத்தைக் கார் நிறுத்துவதற்காகச் சுவரின்றித் தூண்களாக மட்டும் விட்டிருந்ததும் ஒரு முக்கியக் காரணம். மண் ஆட்டத்தைப் பெருக்குகிறது. பலவீனமான கட்டுமானம் அதைத் தாங்காமல் விழுகிறது.

சுமத்ராவிலிருந்து வரும் உறுமி

சரி, நம் ஜொகூருக்கு வருவோம். 2009 செப்டம்பர் 30 அன்று மாலை சுமத்ராவின் பாடாங் அருகே 7.6 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டது. அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நிலநடுக்க மையத்திலிருந்து ஜொகூர் பாரு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தூரம். ஆனால் தீபகற்பத்தின் மேற்குக் கரையிலும் சிங்கப்பூரிலும் உயர்ந்த கட்டடங்கள் அசைந்தன. 2007 மார்ச் 6 அன்று மேற்குச் சுமத்ராவில் 6.4 அளவில் நடுங்கியபோதும் இப்படித்தான். சிங்கப்பூரில் அலுவலகக் கட்டடங்களிலிருந்து மக்கள் வெளியேறினார்கள்.

இத்தகைய நேரங்களில் வீட்டுக்குள் ஒரு வாக்குவாதம் நடக்கும். பதினெட்டாவது மாடியில் இருக்கும் பாட்டி, "விளக்கு ஆடிச்சு, எனக்குத் தலையைச் சுத்துச்சு" என்பார். கீழே கடையில் இருந்தவர், "ஒன்னுமே தெரியலையே, உங்களுக்கு மயக்கமா இருக்கும்" என்பார். இருவர் சொல்வதும் உண்மைதான்.

தைப்பூசத்தின்போது தொலைவில் காவடி வருவதை எப்படித் தெரிந்துகொள்வீர்கள்? பாட்டின் சொற்கள் கேட்பதில்லை. ஜால்ராவின் கிணுகிணுப்பும் கேட்பதில்லை. உறுமியின் 'தும் தும்' என்ற ஆழ்ந்த ஒலி மட்டும் முதலில் வந்து சேரும். உயர்ந்த அதிர்வெண் கொண்ட ஒலி வழியிலேயே கரைந்துபோகும். தாழ்ந்த அதிர்வெண் நெடுந்தூரம் வரும்.

நிலநடுக்க அலையும் அப்படியே. சுமத்ராவில் புறப்படும் அலையில் வேகமான துடிப்பும் உண்டு, மெதுவான அசைவும் உண்டு. மலாக்கா நீரிணையைக் கடந்து, இரண்டு நிமிடம்போல் பயணம் செய்து நம்மை அடையும்போது, வேகமான துடிப்பு பெரும்பாலும் அடங்கிவிடும். எஞ்சுவது ஒரு விநாடிக்கும் அதிகமான அலைவு நேரம் கொண்ட மெதுவான அசைவு. அது ஒரு மாடிக் கடையை ஒன்றும் செய்யாது. இருபது மாடிக் கட்டடத்தின் தாளத்துக்கோ பொருந்திவிடும். அடியில் ஆழமான களிமண் இருந்தால் இன்னும் மோசம்.

சிகாமட் நடுக்கம் இதற்கு நேர்மாறானது. அளவு சிறியது, ஆனால் பக்கத்தில். அத்தகைய அலையில் வேகமான துடிப்பே மிகுதி. அதனால் அருகில் உள்ள தாழ்ந்த வீடுகளில் சன்னலும் கதவும் சில விநாடிகள் படபடத்து அடங்கும். அருகிலுள்ள சிறிய நடுக்கம் தாழ்ந்த வீட்டைத் தட்டும். தொலைவிலுள்ள பெரிய நடுக்கம் உயர்ந்த கட்டடத்தை அசைக்கும். ஜொகூர் மக்களுக்கு இரண்டுமே வரக்கூடும்.

நம் மாநிலத்தின் காலடியில்

ஜொகூர் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். வடமேற்கே 1276 மீட்டர் உயரத்தில் குனோங் லேடாங் நிற்கிறது. அது கருங்கல் மலை. மலைப்பாங்கான இடங்களில் பாறை அதிக ஆழத்தில் இருக்காது. அந்தப் பாறை மக்கியதால் உண்டான செம்மண் அதன்மேல் மூடியிருக்கும்.

மேற்குக் கரைக்குப் போனால் காட்சி மாறிவிடும். மூவார், பத்து பகாட், பொந்தியான் பகுதிகளில் நிலம் தட்டையானது. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு கடல்மட்டம் இன்றைவிட உயர்ந்திருந்தபோது, இந்தக் கரையோரத்தில் கடல்நீர் உள்ளே புகுந்து களிமண்ணைப் படியவிட்டது. அதுதான் இன்றைய கடற்களிமண். சில இடங்களில் அதன்மேல் செடிகொடிகள் மக்கிச் சேர்ந்த மண்ணும் உண்டு. நிலவியல் பாடத்தில் இதைத் 'தானா கம்புட்' என்று படித்திருப்பீர்கள்.

இந்தக் களிமண் எவ்வளவு மென்மையானது? 1980களில், வடக்கு தெற்கு நெடுஞ்சாலைத் திட்டத்தின்போது, மலேசிய நெடுஞ்சாலை வாரியம் மூவார் சமவெளியில் சோதனைக்காகப் பல மண்கரைகளைக் கட்டியது. அவற்றுள் ஒன்றை, எதுவரை தாங்கும் என்று பார்ப்பதற்காகவே உயர்த்திக்கொண்டே போனார்கள். ஐந்து மீட்டர் சொச்சம் உயரம் வந்ததும் அடியிலிருந்த களிமண் தாங்காமல் கரை சரிந்தது. உலகெங்கும் உள்ள மண்பொறியியலாளர்கள் அந்தச் சோதனையை இன்றும் பாடமாகப் படிக்கிறார்கள். பத்து பகாட்டுக்கு அருகே பாரிட் ராஜாவில் இருக்கும் துன் ஹுசேன் ஓன் மலேசியப் பல்கலைக்கழகம், மென்மையான மண்ணை ஆராய்வதற்கென்றே ஒரு மையத்தை நடத்துகிறது.

ஜொகூர் பாருவில் மேடும் பள்ளமும் கலந்திருக்கிறது. மேடான இடத்தில் இறுகிய மண். ஆற்றோரப் பள்ளங்களிலும் நீரிணைக் கரையிலும் மென்மையான களிமண். கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலமும் உண்டு. ஒரே சாலையின் இரு முனைகளில் இருக்கும் இரண்டு அடுக்குமாடிகள் இரண்டு விதமாக அசையக்கூடும்.

இதைப் படித்துவிட்டு யாரும் பயப்பட வேண்டாம். மெக்சிகோ களிமண்ணின் இயல்பு வேறு, நம் களிமண்ணின் இயல்பு வேறு. இதுவரை ஜொகூரில் உணரப்பட்ட நடுக்கங்களால் பெரிய அழிவு ஏற்பட்டதில்லை. ஆனால் மண்ணை அறிந்துகொண்டு கட்டினால், பிறகு வருந்த வேண்டிவராது.

மண்ணின் நாடியைப் பிடிப்பது எப்படி?

கட்டுமானம் தொடங்குமுன் காலி நிலத்தில் முக்காலி போன்ற ஓர் இரும்புச் சட்டத்தை நிறுத்தி, 'டங் டங்' என்று அடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அது மண் சோதனை. 63.5 கிலோகிராம் எடையுள்ள சுத்தியலை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து மீண்டும் மீண்டும் விடுவார்கள். அடியிலுள்ள குழாய் மண்ணுக்குள் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி தேவைப்பட்டது என்று எண்ணுவார்கள். நான்கு அடிகூடத் தேவைப்படவில்லை என்றால் மண் மிக மென்மை. ஐம்பதைத் தாண்டினால் நல்ல இறுக்கம்.

இன்னொரு முறையில் மண்ணைத் தோண்டவே வேண்டியதில்லை. வாகனங்கள், காற்று, கடலலை ஆகியவற்றால் நிலம் எப்போதும் நமக்குத் தெரியாமல் நுண்ணியதாக அதிர்ந்துகொண்டே இருக்கிறது. நுட்பமான கருவியைத் தரையில் சிறிது நேரம் வைத்து அந்த அதிர்வைப் பதிவு செய்தால், அந்த இடத்தின் சொந்தத் தாளத்தைக் கணக்கிட்டுவிடலாம். ஜப்பானைச் சேர்ந்த யுடாகா நகாமுரா 1989இல் இம்முறையைப் பரவலாக அறிமுகப்படுத்தினார்.

கிடைத்த தகவலைக் கொண்டு நிலத்தை வகைப்படுத்துவார்கள். ஐரோப்பியத் தர நெறியான யூரோகோட் 8, மேலே உள்ள 30 மீட்டர் மண்ணில் குறுக்கலையின் சராசரி வேகத்தைப் பார்க்கிறது. விநாடிக்கு 800 மீட்டருக்கு மேல் என்றால் 'ஏ' வகை, அதாவது பாறை. 360 முதல் 800 வரை 'பி'. 180 முதல் 360 வரை 'சி'. 180க்கும் கீழ் என்றால் 'டி' வகை, மென்மையான மண். மலேசியா இந்த நெறிக்குரிய தனது தேசிய இணைப்பை 2017இல் வெளியிட்டது. சிங்கப்பூர் 2013இல் வெளியிட்ட வழிகாட்டி, 20 மீட்டருக்கும் அதிக உயரமுள்ள கட்டடங்களை மண்ணின் வகையோடு சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது. அங்கும் தொலைவான நடுக்கங்களைக் கடற்களிமண்மேலும் தூர்த்த நிலத்திலும் உள்ள உயர்ந்த கட்டடங்களில் இருப்போர்தான் அதிகம் உணர்ந்திருக்கிறார்கள்.

"பைலிங் அடித்துக் கெட்டி மண் வரை இறக்கிவிட்டால் போதாதா?" என்று சிலர் கேட்பார்கள். பைலிங் கட்டடத்தின் எடையைத் தாங்கும். கட்டடம் அமுங்காமல் காக்கும். ஆனால் சுற்றியுள்ள மண் ஆடுவதை அது நிறுத்தாது. மண் ஆடினால் பைலிங் தூண்களும் சேர்ந்தே ஆடும். அதையும் கணக்கில் எடுத்துத்தான் பொறியியலாளர் வடிவமைக்க வேண்டும்.

செய்து பாருங்கள்

தேவை: தென்னை ஈர்க்குச்சி மூன்று, பிளாஸ்டிசின், ஒரு சிறிய மரப்பலகை, ஒரு தட்டு கெட்டியான அகார்-அகார்.

1. ஈர்க்குச்சிகளை 10, 20, 30 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டுங்கள். பிளாஸ்டிசினால் மரப்பலகையில் செங்குத்தாக நிறுத்துங்கள். ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரே அளவான பிளாஸ்டிசின் உருண்டையைப் பொருத்துங்கள். இவைதான் உங்கள் மூன்று கட்டடங்கள்.

2. பலகையை மேசைமேல் வைத்து மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். எது அதிகம் ஆடுகிறது? பிறகு வேகத்தைக் கூட்டுங்கள். இப்போது எது?

3. மேசைமேல் ஒரு புத்தகத்தையும் அகார்-அகார் தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டின் மேலும் சீனிக் கட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். மேசையின் ஓரத்தைக் கையால் தட்டுங்கள். மேசை ஒன்றுதான், தட்டிய தட்டும் ஒன்றுதான். எந்த அடுக்கு முதலில் சரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

நிலம் ஆடினால்

வீட்டுக்குள் இருந்தால் குனிந்து, உறுதியான மேசையின் அடியில் புகுந்து, அதன் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். சன்னல் கண்ணாடியை விட்டு விலகியிருங்கள். ஆட்டம் நின்றபின் படிக்கட்டு வழியாக வெளியேறுங்கள், மின்தூக்கியைப் பயன்படுத்தாதீர்கள். பிறகு எங்கே இருந்தீர்கள், எத்தனையாவது மாடி, என்னென்ன ஆடியது என்று எழுதி வையுங்கள். நில அதிர்வு ஆய்வாளர்களுக்கு இத்தகைய குறிப்புகள் பயனுள்ளவை.

சிந்தித்து விடை எழுதுங்கள்

1. ஓரிடத்தில் களிமண்ணின் தடிமன் 20 மீட்டர். குறுக்கலையின் வேகம் விநாடிக்கு 160 மீட்டர். மண்ணின் அலைவு நேரம் என்ன? ஏறத்தாழ எத்தனை மாடிக் கட்டடத்துக்கு அங்கே கூடுதல் கவனம் தேவை?

2. பாட்டி பதினெட்டாவது மாடியில் ஆட்டத்தை உணர்ந்தார். கீழே கடைக்காரர் உணரவில்லை. இரண்டு காரணங்கள் கூறுங்கள்.

3. உங்கள் பள்ளி மேட்டில் இருக்கிறதா, ஆற்றோரத்தில் இருக்கிறதா, கடற்கரைச் சமவெளியில் இருக்கிறதா? அடியில் என்ன மண் இருக்கக்கூடும் என்று ஊகித்து, காரணத்தோடு நான்கு வரி எழுதுங்கள்.

விடைகள்: (1) 4 × 20 ÷ 160 = 0.5 விநாடி; ஏறத்தாழ ஐந்து மாடிக் கட்டடம். (2) தொலைவிலிருந்து வரும் மெதுவான அசைவு உயர்ந்த கட்டடத்தின் தாளத்தோடு ஒத்துப்போகிறது. மேலும், ஆடும் கட்டடத்தில் உச்சிதான் அதிகம் நகர்கிறது, அடிப்பகுதி மிகக் குறைவாகவே நகர்கிறது. (3) இதற்கு விடை உங்கள் காலடியில் இருக்கிறது. இன்று பள்ளி முடிந்து நடக்கும்போது குனிந்து பாருங்கள்.